துடைச்சா வராது

"இது யாரோட விரல்?"

அக்கா கேட்டபோது கடையில் இருந்தது மூன்றே பேர். அக்கா, அவள் வீட்டுக்காரர், நான். மாமா உடனே தன் பத்து விரல்களையும் தூக்கிக் காட்டி, "நான் இல்லம்மா. காலையிலேர்ந்து டீ கிளாஸைத் தவிர எதையும் தொடல" என்றார். மிச்சம் இருந்தது நான்தான்.

அக்கா கையில் ஒரு பிறந்தநாள் அட்டை. கருநீலத் தாள். நடுவில் தங்க நிறத்தில் ஒரு பறவை, தாளைவிட்டு மேலே எழும்பி, தடவினால் தட்டுப்படுகிற மாதிரி. பறவையில் ஒரு குறையும் இல்லை. அதே தங்கத்தில், அதே மினுமினுப்போடு, ஓரத்தில் என் கட்டைவிரல்.

"இது மூணாவது அட்டைடி."

"தொடலக்கா. நகத்தாலதான் தள்ளினேன்."

"நகத்துல ரேகை இருக்குமா?"

மாமா சிரித்துவிட்டு, அக்கா பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

எங்கள் கடையில் செய்கிற வேலை இதுதான். வாழ்த்து அட்டை, ஆல்பம், நினைவுப் புத்தகம் எதுவானாலும் எழுத்தும் படமும் புடைத்து நிற்கும்படி செய்துதருவோம். முதலில் ரப்பர் முத்திரையை நிறமே இல்லாத ஒரு மையில் தொட்டுத் தாளில் அழுத்த வேண்டும். அந்த மை சீக்கிரம் காயாது, கண்ணுக்கும் தெரியாது. அதன்மேல், சூடு பட்டால் உருகிப் புடைக்கிற எம்பாசிங் பவுடரைத் தூவ வேண்டும். தாளைச் சாய்த்து, பின்னால் ஒரு சுண்டு. மை இருக்கும் இடத்தில் மட்டும் பவுடர் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் கொட்டிவிடும். பிறகு ஹீட் கன். பார்க்க முடி காயவைக்கும் மெஷின் மாதிரி இருக்கும், ஆனால் காற்று கம்மி, சூடு அதிகம். அதைக் காட்டினால் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. மணல் மாதிரி மங்கலாகக் கிடக்கும். திடீரென்று ஒரு மூலை பளிச்சென்று உருகும். அந்தப் பளிச் அப்படியே நகர்ந்து நகர்ந்து மொத்தப் படத்தையும் விழுங்கிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

ஆனால் பவுடருக்கு ஈரம் என்றால் ஈரம். மையா வேர்வையா என்று அது விசாரிப்பதில்லை. எனக்கோ உள்ளங்கை எப்போதும் வேர்க்கும். வெயில் காலம், மழைக் காலம் என்றெல்லாம் கிடையாது. யாராவது என்னைப் பார்த்துப் பேசினால் போதும், குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிடும்.

பள்ளிக்கூடத்தில் என் பெயர் ஈரக்கை. விளையாட்டில் வட்டமாக நின்று கைகோக்கச் சொன்னால் என் இரண்டு பக்கமும் இடைவெளி விழும். என் பெஞ்சில் உட்காருகிறவளுக்கு நீளக் கால், நீளக் கழுத்து, அதனால் அவள் பெயர் கொக்கு. அவள் கெட்டவள் இல்லை. டீச்சர் சொன்னால் கையைக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு உடனே பாவாடையில் துடைத்துக்கொள்வாள். அவள் அதை யோசித்துச் செய்ததில்லை. அதுதான் எனக்கு வலிக்கும். ஒரு பரீட்சையில் என் விடைத்தாள் நனைந்து, மை ஊறி, மடிப்பில் கிழிந்து போயிற்று. டீச்சர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "குளிச்சுக்கிட்டே எழுதினியா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. மறுநாள் நான் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், அப்பா திட்டிப் பார்த்தார், கடைசியில் அக்கா வந்து, "என்கூட இருக்கட்டும்" என்று கூட்டிவந்துவிட்டாள்.

கடையில் எனக்குக் கொடுத்திருந்த வேலை, மேஜையில் கொட்டிய பவுடரை மடித்த காகிதத்தால் கூட்டி டப்பாவில் போடுவது. தாளைத் தொடாமல் செய்யக்கூடிய ஒரே வேலை. மாமா வெள்ளைக் கையுறை வாங்கித் தந்தார். ஒரு அட்டை முடிவதற்குள் அதுவும் நனைந்து, பிழிந்தால் சொட்டும் போல ஆயிற்று. எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரு பக்கம். முத்திரை வைப்பதிலிருந்து ஹீட் கன் வரைக்கும் நானே செய்த ஒரே ஒரு பக்கம். அதை அக்காவிடம் கேட்க வாய் வந்ததில்லை. "கூட்டுறதோட நிறுத்திக்க. தாளைத் தொடாதே" என்று அக்கா அன்று மறுபடியும் சொன்னாள். அந்த அட்டையை என் முன்னாலேயே குப்பைக்கூடையில் போட்டாள்.

அப்போதுதான் வாசலில் பந்து தட்டும் சத்தம் கேட்டது.

ஏழெட்டுப் பெண்கள். எல்லோரும் ஒரே நிறச் சட்டை, முதுகில் எண். முன்னால் வந்தவளின் கழுத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கொக்கு. இன்னும் வளர்ந்திருந்தாள். நான் தாள் சுருள்கள் நிற்கும் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டேன். பவுடர் டப்பாவும் என்னோடு வந்துவிட்டது.

"அக்கா, ஆல்பம் செய்வீங்களா?" என்றாள் கொக்கு.

"கேப்டன், முதல்ல வணக்கம் சொல்லு" என்று பின்னாலிருந்து ஒரு குள்ளமான பெண். "அக்கா, வணக்கம். இவளுக்கு உயரம் இருக்கு, மரியாதை கம்மி."

"உனக்கு ரெண்டுமே கம்மி. சும்மா இருடி."

விஷயம் இதுதான். அவர்கள் வாலிபால் டீமின் விளையாட்டு டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். நாளைக் காலையில் கிளம்புகிறார். அவருக்குக் கொடுக்க ஒரு ஆல்பம். போட்டோக்கள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு போட்டோவுக்கும் எதிர்ப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் உள்ளங்கை வேண்டும். கறுப்புத் தாளில், தங்கத்தில், புடைத்து.

"சும்மா கை மாதிரி இருந்தா போதாதுக்கா" என்றாள் கொக்கு. "ரேகை, காய்ப்பு எல்லாம் தெரியணும். மிஸ் ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னாடி எங்க கையைத்தான் பார்ப்பாங்க. கையைப் பார்த்தே யாரு பிராக்டிஸுக்கு மட்டம் போட்டான்னு சொல்லிடுவாங்க."

"என்னைத்தான் எப்பவும் சொல்லுவாங்க" என்றாள் குள்ளம்.

"செஞ்சிடலாம்" என்றாள் அக்கா. யோசிக்காமல் வாக்குக் கொடுப்பது அவள் பிறவிக் குணம். "பிராக்டிஸ் முடிச்சிட்டு சாயங்காலம் வாங்க. கையை வெச்சிட்டுப் போங்க."

அவர்கள் போனதும் நான் வெளியே வந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். "உன் ஸ்கூலா?" என்றாள். தலையாட்டினேன். கறுப்புத் தாளை எடுத்து மேஜையில் வைத்து, மை டப்பாவைத் திறந்தாள்.

முதல் கை அக்காவுடையதே. மையை உள்ளங்கை முழுக்கத் தட்டி, அழுத்தி, பவுடர் தூவி, சூடு காட்டினாள். பளபளவென்று வந்தது. ஆனால் ஒரு ரேகை இல்லை. மை கெட்டி, கோடுகளையெல்லாம் அடைத்துவிட்டது.

மாமா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "பாத்திரம் கழுவுற கிளவுஸ் மாதிரி இருக்கு."

"உங்களைக் கேட்டேனா?"

அடுத்து தண்ணீர். தாள் அப்பளம் போல நெளிந்து, பவுடர் கட்டி கட்டியாய் ஒட்டியது. மாமா யோசனைப்படி எண்ணெய். கையைச் சுற்றித் தாளில் ஒரு கறை படர்ந்துகொண்டே போயிற்று. கை கிரீமில் அங்கொன்று இங்கொன்றாகத் திட்டு. "என் ஹேர் டிரையரைப் போட்டுப் பார்க்கலாமா?" என்றார் மாமா. கடை ஆரம்பித்த புதிதில், ஹீட் கன்னுக்குப் பதிலாக இது போதும் என்று அவர் வாங்கி வந்தது அது. போட்ட வேகத்தில் பவுடர் மொத்தமும் பறந்து அவர் மீசையில் உட்கார்ந்துகொண்டது. தங்க மீசையோடு அன்று சாயங்காலம் வரை வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா சிரிக்கவில்லை. கறுப்புத் தாள் குறைந்துகொண்டே வந்தது. "வாக்குக் குடுத்திட்டேனே" என்று முணுமுணுத்தாள். "பசங்க வந்ததும் முடியாதுன்னு சொல்லிடலாம். எவ்வளவு நேரம் நம்பிக்கிட்டு விளையாடுங்களோ" என்று சொல்லிக்கொண்டே, முகம் கழுவப் பின்பக்கம் போனாள். மாமா டீ வாங்கப் போனார்.

நான் மேஜையைச் சுத்தம் செய்ய வந்தேன். கெட்டுப்போன தாள்களை அடுக்க வேண்டும், பவுடரைக் கூட்ட வேண்டும். குனிந்தபோது கால் ஸ்டூலில் தடுக்கி, விழாமல் இருக்க மேஜையில் கையை ஊன்றினேன். ஊன்றியது ஒரு நல்ல கறுப்புத் தாளில். கையை எடுத்தேன். தாளில் ஒன்றும் தெரியவில்லை, வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் மூச்சு பட்ட கண்ணாடி போல லேசாக ஒரு பூச்சு.

காய்வதற்குள் என்று மட்டும் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று இன்றுவரை தெரியாது. டப்பாவிலிருந்து பவுடரைக் கொட்டினேன். சாய்த்தேன். பின்னால் சுண்டினேன்.

கை இருந்தது. ஐந்து விரலும். விரல் மடிப்புச் சுருக்கம்கூட.

ஹீட் கன்னை அதுவரை நான் தொட்டதில்லை. அக்கா பிடிக்கிற மாதிரியே, தாளை இடுக்கியில் பிடித்து, கொஞ்சம் தள்ளியே காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுண்டுவிரல் நுனியில் பளிச். அது இறங்கி உள்ளங்கைக்குள் ஓடியது. ரேகைகள் கறுப்புக் கோடாக அப்படியே நிற்க, அதன் இரண்டு கரையிலும் தங்கம் எழும்பியது. சின்ன வயதில் தகரத்தில் கிழித்துக்கொண்ட தழும்பு. பேனா பிடித்துப் பிடித்து நடுவிரலில் விழுந்த மேடு. எல்லாம் வந்தது. என் கை இவ்வளவு அழகானது என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.

பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் தண்ணீர் சொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"இது யாரோட கை?" என்றாள்.

காலையில் கேட்ட அதே கேள்விதான். ஆனால் குரல் வேறு.

"என்னோடதுக்கா. மை போடல."

அக்கா தாளை வாங்கி, சூடு ஆறும்வரை ஊதி, விரலால் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை தடவினாள். "தடிமனா இருக்கிறதுதான் தப்பு. இது மெலிசு. அதான் கோட்டை அடைக்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உடனே முகம் விழுந்தது. "உன் கை வந்திடுச்சு. அதுங்க கைக்கு என்னடி பண்றது? எல்லாருக்கும் இப்படி வேர்க்காதே."

நான் பதில் சொல்வதற்குள் பந்துச் சத்தம் வந்துவிட்டது. என் கால்கள் தாமாகவே அலமாரிக்குப் பின்னால் போய்விட்டன.

ஓடி விளையாடிவிட்டு வந்திருந்தார்கள். நெற்றி, கழுத்து எல்லாம் வேர்வை. ஆனால் உள்ளங்கை மட்டும் சுண்ணாம்புச் சுவர் மாதிரி காய்ந்திருந்தது, பந்து வழுக்கக்கூடாதென்று பொடி தேய்த்துக்கொள்வார்களாம். அக்கா என்னுடைய கையைக் காட்டியதும் எல்லோரும் ஓ என்றார்கள். கொக்கு தன் கையை அழுத்திப் பார்த்தாள். பவுடர் மொத்தமும் வழிந்து கீழே விழுந்தது. குள்ளம் நெற்றி வேர்வையை வழித்துக் கையில் பூசி அழுத்தினாள். மழை பெய்த மண் மாதிரி வெறும் புள்ளிகள்.

"மிஸ் இதைப் பார்த்தா, அம்மை போட்டிருக்காடின்னு கேப்பாங்க" என்றாள் குள்ளம். யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப வேண்டாங்கக்கா" என்றாள் கொக்கு மெதுவாக. "போட்டோ மட்டும் ஒட்டிக் குடுங்க. இந்தக் கை யாரோடதுக்கா? இது மட்டும் எப்படி வந்தது?"

அக்கா அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் அங்கேயே நின்றால் அவர்கள் போட்டோவை மட்டும் ஒட்டிக்கொண்டு போய்விடுவார்கள், நான் மறுபடி பவுடர் கூட்டலாம். வாழ்நாள் முழுக்கக் கூட்டலாம். அலமாரி விளிம்பைப் பிடித்திருந்த இடம் நனைந்து வழுக்கியது. அந்த ஈரத்தைப் பார்த்தேன். இது என் கையிலிருந்து மரத்துக்குப் போகிறதே. மரத்துக்குப் போகுமென்றால்?

வெளியே வந்தேன்.

"என்னோடது" என்றேன்.

கொக்குவின் கழுத்து இன்னும் நீண்டது. "ஏய்... நீ... ஈர..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவள் காது சிவந்தது.

"கையைக் குடு" என்றேன்.

அத்தனை கண்ணும் என்மேல். குழாய் திறந்துகொண்டது. வாழ்க்கையில் முதல் முறையாக, திறக்கட்டும் என்று விட்டேன். கொக்கு கையை நீட்டினாள். என் உள்ளங்கையை அதில் வைத்து, விரலோடு விரல் சேர அழுத்திப் பிடித்தேன். சொரசொரப்பாக இருந்தது. விரலடியில் வரிசையாகக் காய்ப்பு. பிறகு விட்டேன்.

அவள் கையை அப்படியே எடுத்து, சட்டென்று பேண்டில் துடைத்துக்கொண்டு, தாளில் அழுத்தினாள்.

அக்கா பவுடரைத் தூவினாள். சாய்த்தாள். சுண்டினாள். கறுப்புத் தாள், வெறும் கறுப்பாக நின்றது.

"என்ன, ஒண்ணுமே வரல?" என்றாள் குள்ளம்.

"அவ துடைச்சிட்டா" என்றேன். "துடைக்காத. துடைச்சா வராது."

நான் அதைக் கத்திச் சொல்லவில்லை. ஆனால் கடையில் எல்லோருக்கும் கேட்டது. கொக்கு தன் பேண்டைப் பார்த்தாள். அங்கே அவள் கை போய்வந்த இடத்தில் ஈரத்தடம் இருந்தது. நிமிர்ந்தபோது அவள் கண் பழைய பெஞ்சு வரைக்கும் போய்வந்திருந்தது.

"மறுபடியும் குடு" என்றாள். "இந்தத் தடவை துடைக்க மாட்டேன்."

இந்தத் தடவை அவளாகவே என் கையை இறுக்கிப் பிடித்தாள். விட்டதும் கையைத் தீபட்டவள் மாதிரி காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்கே வைக்கணும், எங்கே வைக்கணும்?" என்று பதறினாள். அழுத்தினாள். அக்கா தூவினாள், சுண்டினாள். "ஹீட் கன் நீ பிடிடி. எனக்குப் பவுடருக்கே கை சரியா இருக்கு" என்றாள். என்னிடம் அதைக் கொடுக்கிறோம் என்ற நினைப்பே இல்லாத மாதிரி சொன்னாள். அது அவள் சாமர்த்தியம்.

நீளக் கை. கட்டைவிரலில் பளிச். ரேகைகள் திறந்தன. விரலடியில் நான்கு காய்ப்பும் நான்கு தங்கப் பொட்டாக எழும்பின.

கடையே கூச்சலில் அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். டீயோடு உள்ளே வந்த மாமா பயந்துபோய்ப் பாதியைத் தன் செருப்பிலேயே ஊற்றிக்கொண்டார்.

"அடுத்து நான்!"

"நான்தாண்டி முதல்ல நின்னேன்!"

"வரிசையா வாங்க" என்று அக்கா அதட்டினாள். வரிசை நின்றது. என் கையைப் பிடிக்க வரிசை. பிடித்தவள் எல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு ஓடினாள். ஒருத்தி மறந்து துடைக்கப் போனபோது மற்ற எல்லோரும் ஒரே குரலில், "துடைச்சா வராது!" என்று கத்தினார்கள். நடுவில் எனக்குக் கூச்சம் கொஞ்சம் விட்டுப்போய், அதனால் கை காய ஆரம்பித்தது. குள்ளத்தின் முறை வந்தபோது ஈரம் போதவில்லை.

"அய்யோ, ஸ்டாக் தீர்ந்திடுச்சா?" என்றாள் அவள்.

"அவளையே எல்லாரும் உத்துப் பாருங்க" என்றார் மாமா. "தானா வரும்."

அத்தனை பேரும் என்னை முறைத்துப் பார்த்தார்கள். சிரிப்பும் வெட்கமுமாக எனக்கு வேர்த்துக் கொட்டியது. குள்ளத்தின் கை எல்லோருடையதையும்விடத் தெளிவாக வந்தது. அதில் ஒரு காய்ப்புகூட இல்லை.

"இதைக் குடுத்தா மிஸ்ஸுக்கு ஆதாரமே கிடைச்சிடும்டி" என்றாள் கொக்கு.

ஆல்பத்தைக் கட்டி முடித்தபோது தெருவிளக்கு எரிந்துவிட்டிருந்தது. கொக்கு அதை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினாள். அவர்கள் போனதும் அக்கா, என் முதல் கையை எடுத்தாள். குப்பைக்கூடையைத் தாண்டி நடந்தாள். வாடிக்கையாளர்களுக்குக் காட்ட மாதிரி அட்டைகள் தொங்கும் சுவரில், நடுவில் இருந்த தன் பழைய பறவை அட்டையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மாட்டினாள்.

"நாளையிலேர்ந்து கைப் பக்கம் எல்லாம் உன் வேலை" என்றாள். "ஆனா பிறந்தநாள் அட்டையைத் தொட்டே, உதைப்பேன்."

"மேடம், எனக்கு ஒரு கை போட முடியுமா?" என்றார் மாமா என்னிடம். "மீசையோட சேர்த்து."

அப்போது வாசலில் மூச்சிரைக்கிற சத்தம். கொக்கு திரும்ப வந்திருந்தாள். பந்தை மறந்துவிட்டுப் போயிருந்தாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போகாமல் நின்றாள். பிறகு கையை நீட்டினாள்.

"இன்னொரு பக்கமா?" என்றேன்.

"இல்ல. சும்மா."

தாளும் இல்லை, பவுடரும் இல்லை. சும்மா பிடித்தோம். சும்மா விட்டோம். அவள் படியிறங்கி, அந்தக் கையாலேயே பந்தைத் தட்டிக்கொண்டு போனாள். நாலு தட்டில் பந்து வழுக்கித் தெருவின் எதிர்ப்பக்கம் ஓடியது.

"உன்னாலதான்டி!" என்று அங்கிருந்தே கத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டு, பந்தைத் துரத்தி ஓடினாள். கையைத் துடைக்கவில்லை. அவள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.